வழிமொழிய ஆளில்லாத வார்டு

முள்ளிச்செவல் பேரூராட்சியில் பட்ஜெட் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் கேசரியும் உளுந்தவடையும் தின்றுகொண்டிருந்த ஒரு மார்ச் மாதத்து மத்தியானத்தில், ஒன்பதாம் வார்டு ஒரு சாண் ஆழம் பூமிக்குள் இறங்கியது. சத்தம் கேட்கவில்லை, சுவர் கீறவில்லை, அடுப்பில் கொதித்த சோறுகூடச் சிந்தவில்லை. வீடும் வேம்பும் கோழிக்கூண்டும் கொடிக்கம்பியும் அதில் காய்ந்த பாவாடையுமாக வார்டு மொத்தமும், களைத்துப்போன ஒருத்தி நின்ற இடத்திலேயே உட்காருவதுபோலக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. கோழிகள் மட்டும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கிளறப் போய்விட்டன.

அந்த வார்டின் உறுப்பினர் முப்பிடாதி. பீடி சுற்றிப் பிழைக்கிறவள். பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் தெருவே கூடி நிறுத்தி, தெருவே கூடி ஜெயிக்க வைத்தவள். கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியவள் தெருமுனையில் காலை வைக்க, தரை இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல், முட்டி பெயர விழுந்தாள். விழுந்த மாத்திரத்தில் அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. காரணத்தை அவள் இப்போதுதான் நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அந்தப் பேரூராட்சியின் வழக்கம் இது: யாரும் எழுந்து எதையும் முன்மொழியலாம், ஆனால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் கேட்டது கேட்காததாகிவிடும், எழுத்தர் பேனாவைக்கூடத் திறக்க மாட்டார். முப்பிடாதி அன்றைக்கு எழுந்து, "எங்க வார்டுக்கு ஒரு வாறுகால் கட்டித் தரணும்னு முன்மொழியுதேன்" என்றாள். ஊர்ச் சாக்கடை முழுவதும் ஒன்பதாம் வார்டுக்குத்தான் வந்து சேரும். வந்து சேர்ந்தது வெளியே போகத்தான் ஒரு வடிகால் இல்லை.

"வழிமொழியிறவங்க உண்டா?" என்று தலைவர் கோமதிநாயகம் கேட்டார். சிமெண்டும் கம்பியும் விற்கிற கடைக்காரர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், உயர்த்தாமலே ஆளைக் கொன்றுவிடுகிறவர். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிற மனுஷர்போல மேஜைமேல் விரலால் தாளம் போட்டார். உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், தங்கள் நகத்தைப் பார்த்தார்கள். நாலாம் வார்டு லூர்துராஜ் கொஞ்சம் நெஞ்சில் ஈரம் உள்ளவர் என்று பேர். முப்பிடாதி அவரைப் பார்த்தபோது அவர் வடை வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்.

"அடுத்த பொருள்" என்றார் கோமதிநாயகம்.

அடுத்த பொருள் பஸ் நிலையத்துக்கு அலங்கார வளைவு. அதற்கடுத்தது தலைவர் வீட்டுத் தெருவுக்குப் பேவர் பிளாக் கல். போன வருடம் பதித்த கல் இன்னும் நிறம் மாறவில்லை. அதற்கடுத்தது பூங்காவில் செயற்கை நீரூற்றும் அதன் பக்கத்தில் ஒரு ஜோடி மான் சிலையும். எல்லாவற்றுக்கும் கைகள் உயர்ந்தன, எல்லாம் ஏகமனதாக நிறைவேறின.

வார்டு இறங்கியதைப் பற்றி மேல் ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. தாரின்மேல் தார் போட்டு ரோடு உயர்வதும், பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போவதும் எந்த ஊரில்தான் இல்லை? "வார்டு எறங்கல, ரோடு ஒசந்திருக்கு" என்று டீக்கடையில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தத் தெருவுக்குத் தார் போட்டு ஒரு மாமாங்கம் ஆகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பிற்பாடு அவர்கள் அந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் மறுபடி வாறுகால், மறுபடி விரல் தாளம், மறுபடி அடுத்த பொருள். வார்டு இடுப்பளவு போனது. அதற்கடுத்த மார்ச்சில் ஆள் மட்டத்தையும் தாண்டி இறங்கி, வீட்டுக் கூரைகள் பஜார் தெருவின் தரைக்குச் சமமாக வந்து நின்றன. முப்பிடாதியின் புருஷன் மாடக்கண்ணு சவுக்குக் கம்புகளைக் கட்டி ஓர் ஏணி செய்தான். வாழைத்தார் சுமக்கிற தோள் அவனுக்கு. ஏணியும் அந்தத் தோள்போலவே கனமாக வந்தது. அதைத் தெருமுனையில் சாய்த்துவைத்த நாளிலிருந்து ஒன்பதாம் வார்டுக்கு அதுவே வாசல்.

மனுஷர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்! காலையில் சூரியன் தாமதமாக வந்து சாயங்காலம் சீக்கிரம் போய்விடுகிறது என்று தெரிந்ததும் கீழே சோறு பொங்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகள் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணி ஏறப் படித்தார்கள். தபால்காரர் பனியன் கடையில் வாங்கிய ஒரு பையைக் கயிற்றில் கட்டிக் கடிதங்களை இறக்கினார். ரேஷன் அரிசி மூட்டையை மேலேயிருந்து உருட்டிவிட, கீழே நின்றவர்கள் நெஞ்சில் வாங்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, போட்டோ போதும் என்று போனார்கள். பீடி இலை வெயில் காணாமல் நமத்துப்போக, கம்பெனிக்காரன் கட்டுக் கட்டாகக் கழித்துப்போட்டுக் கூலியை வெட்டினான். கோயில் கொடையின்போது அம்மன் சப்பரம் விளிம்புவரைக்கும் வந்தது; பூசாரி சப்பரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, "பாத்துக்கிடுங்க, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று கீழே பார்த்துச் சத்தம் போட்டுத் திருநீற்றைத் தூவினார், அதில் பாதி காற்றில் போனது.

மேல் ஊரும் பழகிக்கொண்டது. குப்பையை எங்கே கொட்டுவது என்ற கவலை தீர்ந்தது. சாக்கடைக் குழாய்களை நீட்டி விளிம்போடு நிறுத்தினார்கள். அதன் பிறகு சாக்கடை ஒன்பதாம் வார்டின் தலைமேல் விழுந்தது. சாயங்காலம் குடும்பத்தோடு வந்து விளிம்பில் உட்கார்ந்து கீழே வேடிக்கை பார்ப்பது ஒரு பழக்கமாகி, அங்கே ஒரு சுண்டல் வண்டியும் வந்துவிட்டது. தலைவர் வீட்டுக் கொல்லைப்புறம் சரியாக ஏணிக்கு மேலே இருந்தது. அவர் பெண்சாதி ஆவுடையம்மாள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொல்லைச் சுவரிலிருந்து கீழே கவிழ்ப்பாள். "ஏட்டி, தள்ளி நில்லுங்கட்டி, தெறிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுத்தான் கவிழ்ப்பாள். சொல்லிவிட்டுக் கவிழ்ப்பதைப் பெரிய மரியாதையாக நினைத்திருந்தாள்.

ஒரே ஒரு முறை வார்டு மேலே வந்தது. விஷக்காய்ச்சல் பரவி, மாவட்டத்திலிருந்து வந்த உத்தரவுக்காக, ஒன்பதாம் வார்டுக்கு ப்ளீச்சிங் பவுடர் வாங்க ஒரு சொற்பத் தொகையைக் கோமதிநாயகம் வேண்டாவெறுப்பாக ஒதுக்கினார். அன்றைக்கு ஏணியின் நுனி தெரு விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. காய்ச்சல் தணிந்து அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டதும் நுனி மறுபடி உள்ளே போனது. முப்பிடாதி இதைக் கூட்டத்தில் சொன்னாள். "நீங்க எங்களுக்குப் பணம் வச்சா நாங்க ஏறுதோம், வைக்காட்டா எறங்குதோம், நான் கண்ணால பாத்தேன்" என்றாள். சிரித்த சிரிப்பில் ஒருவர் டீயைச் சட்டைமேல் கொட்டிக்கொண்டார். "ப்ளீச்சிங் பவுடர் போட்டா பூமி பொங்குமாம்மா? சோடா உப்பு போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

முப்பிடாதியின் மகள் வடிவு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் நெருங்குவதற்கு முன்பே வலி கண்டது. ஆம்புலன்ஸ் விளிம்பில் வந்து நின்றது. வண்டி இறங்க வழியில்லை, ஸ்ட்ரெச்சர் இறங்க வழியில்லை. வடிவு ஏணியில் ஏறினாள். மேலே மாடக்கண்ணு அவள் கையைப் பிடித்து இழுக்க, கீழே முப்பிடாதி தோளால் தாங்க, பாதி ஏணியில் அதற்குமேல் அவளால் முடியவில்லை. நடுப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாள். அவள் பிடித்த பிடியில் அந்தப் படியின் கட்டு நெகிழ்ந்து ஆடியது. அங்கேயே, தரைக்கும் தெருவுக்கும் நடுவில், பிள்ளை முப்பிடாதியின் கையில் வந்து விழுந்தது. அது அழவில்லை. விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்கள் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு "அடப்பாவமே" என்றார்கள். கொல்லைச் சுவரில் ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருவரும் கை நீட்டவில்லை.

அந்தப் படியை இறுக்கிக் கட்டுகிறேன் என்று மாடக்கண்ணு எத்தனையோ தடவை கயிற்றோடு போனான். "ஆடட்டும், அது பாட்டுக்கு ஆடட்டும்" என்று முப்பிடாதி விடவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவள் வாறுகாலைப் பற்றிப் பேசவில்லை. "எங்களுக்கு ஏறி வரப் படிக்கட்டு வேணும். எம் பேரப்புள்ள ஏணியில செத்துப்போச்சு. படிக்கட்டு வேணும்னு முன்மொழியுதேன்" என்றாள்.

"வழிமொழியிறவங்க உண்டா?"

விரல் தாளம் போட்டது. லூர்துராஜின் கண் கலங்கியது. கண் கலங்கினவர் வாயைத் திறக்கவில்லை. தலைவரைப் பகைத்தால் தன் வார்டின் தெருவிளக்கு போய்விடும்.

"அடுத்த பொருள்" என்றார் கோமதிநாயகம். அடுத்த பொருள் மான் சிலைகளுக்கு வர்ணம் பூசுவது. வழிமொழிய நான் நீ என்று கைகள் உயர்ந்தன.

அன்றைக்கு வார்டு இறங்கியது சும்மா இறக்கம் இல்லை. ஏணிக்குக் கீழே இன்னொரு ஏணியை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. முப்பிடாதி அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் திரும்பிப் போகவில்லை. சாப்பிடும்போதும் பீடி சுற்றும்போதும் அது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. வடிவு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள், இல்லாவிட்டால் நிரப்புவாள், அவ்வளவுதான்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருடம் ஏமாற்றியது, மறு வருடமும் ஏமாற்றியது. குளம் வெடித்தது, போர்வெல்கள் காற்றைக் கக்கின, ஆற்றிலிருந்து வந்த குழாயில் முதலில் சேறும் பிறகு சேறுகூட இல்லாத வெறும் இருமலும் வந்தது. பூங்காவின் நீரூற்றில் மான்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அப்போதுதான் முப்பிடாதி வீட்டு அம்மிக்கல்லுக்கு அடியில் ஊற்று கண் திறந்தது. அடுத்த வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில், அதற்கடுத்த வீட்டில் கோழிக்கூண்டுக்குள், அப்படியே தெரு முழுக்க. அவ்வளவு ஆழத்துக்கு இறங்கிப்போயிருந்தார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது, குடித்தால் நெஞ்சுவரை குளிர்ந்தது.

மேல் ஊரின் குடங்கள் கயிற்றில் இறங்கின. கீழே இருந்தவர்கள் முதலில் நிரப்பித்தான் அனுப்பினார்கள். தாகத்தோடு நிற்கிறவர்களிடம் என்னத்தைப் பேச. ஆனால் காலையில் குடம் இறங்கிய அதே இடத்தில் சாயங்காலம் சாக்கடை இறங்கியது. முப்பிடாதி மேலே ஏறி விளிம்பில் நின்று கத்தினாள். "உங்களுக்குக் குடிக்கக் குடுக்கவும் நாங்க, உங்க பீயில குளிக்கவும் நாங்களா? கொழாயை அடைச்சாத்தான் இனி கொடம் நெறையும்!" அன்றிலிருந்து குடங்கள் காலியாகவே மேலே போயின. வேறு வழியில்லாமல் மேல் ஊர் குழாய்களைச் சாக்குத் துணியால் அடைத்தது, அடைத்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டு திட்டியது. பள்ளத்துக்காரிகளுக்கு வந்த திமிரைப் பார்த்தியா என்றது. தலைவர் வீட்டுக்கு வேலைக்காரன் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. கோமதிநாயகம் மட்டும் ஒவ்வொரு தம்ளரைக் குடிக்கும்போதும் தொண்டையில் முள் இறங்குவதுபோல முகத்தைச் சுளித்தார்.

கடைசியில் அவர் ஒரு திட்டம் போட்டார். ஒன்பதாம் வார்டு குடிநீர்த் தேக்கம் என்று அதற்குப் பெயர். வார்டைக் காலி செய்வது, ஆட்களைச் சுடுகாட்டுக்கு அந்தப் பக்கத்துப் புறம்போக்கில் குடியேற்றுவது, சுற்றிக் கரை எழுப்பிப் பள்ளத்தைத் தேக்கமாக்குவது, மோட்டார் வைத்து ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பது. வளைவு வேண்டாம், பேவர் பிளாக் வேண்டாம், மானுக்கு வர்ணம் வேண்டாம். வருகிற பட்ஜெட் மொத்தமும் இதற்கே. கரைக்குச் சிமெண்ட் அவர் கடையிலிருந்துதான் போகவேண்டும் என்பதால், மேலே லாரி ஓடலாம் என்கிற அகலத்துக்குக் கரையை மதிப்பிட்டு எழுதினார். மைக்கை வாங்கிக்கொண்டு விளிம்புக்கு வந்து கீழே பார்த்து அறிவித்தார்.

"சாக்கடை, சாக்கடைன்னு எத்தன வருஷமா உங்க பிராது! இனி ஒங்க வார்டுல சாக்கடையே கெடையாது. பூராவும் நல்ல தண்ணி. சந்தோசந்தானே?"

விளிம்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஈரமில்லாத ஜனம்.

வார்டுக்காரர்கள் முப்பிடாதி வீட்டு ஊற்றைச் சுற்றி நின்றார்கள். கோர்ட்டுக்குப் போவோம் என்றான் மாடக்கண்ணு. கலெக்டர் காலில் விழுவோம் என்றார் ஒருவர். "எடம் தாரோம்னு சொல்லுதாவல்லா, வாங்கிட்டுப் போயிருவோம். இங்க கெடந்து என்னத்தக் கண்டோம்?" என்றாள் பக்கத்து வீட்டுச் சீனியம்மா.

முப்பிடாதி எல்லாரையும் பேசவிட்டாள். பிறகு சொன்னாள்: "ப்ளீச்சிங் பவுடருக்கே ஒரு வெரக்கட மேல வந்தோம். இப்பம் ஊர்ப்பணம் பூராவையும் நம்ம வார்டு பேருல எழுதப் போறானுவ. ரோசிச்சுப் பாருங்க."

யோசித்தார்கள். யோசித்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக மாறியது.

"மேல போனா ஊத்து அடைஞ்சிரும்லா?" என்றாள் சீனியம்மா.

"அடைஞ்சிரும்."

"நமக்கும் தண்ணி இருக்காதே, மைனி?"

"இருக்காது. ஊருல ஒருத்தருக்கும் இருக்காது." முப்பிடாதி ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். "முங்கிச் சாவதா, தவிச்சுக் கெடப்பதான்னா, நான் தவிச்சுக்கிடுதேன். மழை என்னைக்காவது வரும். வீடு போனா வராது."

அப்போது வடிவு வாயைத் திறந்தாள். அவள் குரலையே மறந்துபோயிருந்த தெரு திரும்பிப் பார்த்தது. "ரொப்பி வச்சுக்கிடுவோம்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முதல் குடத்தை எடுத்துவந்தாள்.

பட்ஜெட் நாள் காலையில் ஒன்பதாம் வார்டு நிரப்பியது. குடம் நிரப்பியது, தவலை நிரப்பியது, அண்டா நிரப்பியது. நெல் அவிக்கிற கொப்பரை நிரப்பியது, மாட்டுத் தொட்டி நிரப்பியது. வாளியும் வட்டிலும் பால் செம்பும் கல்யாணச் சீர்ப் பாத்திரமும் உரல் குழியும் நிரப்பியது. சிமெண்ட் தொட்டிகளின் விளிம்பு ததும்ப நிரப்பியது. தூளி கட்டுகிற பழைய சேலையைத் தவிர, குழிவாக எது இருந்ததோ அதையெல்லாம் நிரப்பியது. முப்பிடாதி முகம் கழுவி, தலை வாரி, ஏணி ஏறிக் கூட்டத்துக்குப் போனாள். நடுப்படி ஆடியது.

துணைத்தலைவர் எழுந்து தேக்கத் திட்டத்தை முன்மொழிந்தார். தொகையைப் படித்தபோது மூச்சு வாங்கி இரண்டு தவணையாகப் படித்தார். "வழிமொழியிறவங்க உண்டா?" என்று கோமதிநாயகம் கேட்டார், கேட்டுவிட்டு விரல் தாளம்கூடப் போடவில்லை, அத்தனை நிச்சயம். லூர்துராஜ் வழிமொழிவதாகத்தான் ஏற்பாடு. லூர்துராஜோ அன்று காலையில்தான் அந்தத் தண்ணீரில் முகம் கழுவி, அந்தத் தண்ணீரில் காபி குடித்துவிட்டு வந்திருந்தார். மேஜை விரிப்பின் பூவைப் பார்த்தார். மற்றவர்களுக்கு வேறு பயம். வழிமொழிந்தவர் பெயர் தீர்மானத்தில் ஏறும். நாளைக்குக் கேஸ் என்று வந்தால், ஏழைகளின் வீட்டைக் காலி செய்ய வைத்தவன் என்று பத்திரிகையில் வந்தால்? எல்லாருக்கும் தண்ணீர் வேண்டும், ஒருவருக்கும் பெயர் வேண்டாம். கூரையைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், தங்கள் நகத்தைப் பார்த்தார்கள். பேரூராட்சி வரலாற்றில் முதல் முறையாகத் தலைவரின் தீர்மானம் ஆளில்லாமல் நின்றது. கோமதிநாயகத்தின் காது சிவந்தது.

"நான் வழிமொழியுதேன்" என்றாள் முப்பிடாதி.

"என்னது?"

"ஒன்பதாம் வார்டு உறுப்பினர் முப்பிடாதி வழிமொழியுதாள்னு எழுதிக்கிடச் சொல்லுங்க. எழுதியாச்சா, சார்வாள்?"

எழுத்தர் பேனாவைத் திறந்து எழுதினார். கோமதிநாயகம் சிரித்தார். "இப்பமாவது புத்தி வந்துச்சே. தீர்மானம் நிறைவேறியது. கேசரி கொண்டாரச் சொல்லுங்க."

கேசரி வந்தது. டீ தம்ளர்கள் தட்டில் கிணுகிணுவென்று பேசிக்கொண்டன. ஜன்னலுக்கு வெளியே முதலில் ஓட்டுக் கூரைகள் எழுந்தன, பிறகு கதவுகள், பிறகு வாசலில் வரிசையாகத் ததும்பாமல் நிற்கிற அண்டாக்கள், வேம்பு, கோழிக்கூண்டு, கொடிக்கம்பி, அதில் பாவாடை. தெரு மட்டத்துக்கு வந்ததும் நிற்கும் என்று முப்பிடாதி நினைத்திருந்தாள். அது நிற்கவில்லை. லாரி ஓடுகிற அகலத்துக்கு எழுதிய கரை, ஒன்றுக்கு மூன்றாக எழுதிய சிமெண்ட் மூட்டை, இல்லாத மோட்டாருக்கு எழுதிய இல்லாத கொட்டகை, அத்தனையும் வார்டை ஏந்திக்கொண்டு மேலே போயின. அலங்கார வளைவின் உச்சியையும் தாண்டி ஒரு பாறைக்குன்றுபோல நின்றபோது, பஜார் தெருவில் மத்தியானத்திலேயே நிழல் விழுந்தது. தொகையைக் கூட்டி எழுதினவரின் புண்ணியம்.

மேல் ஊர் இப்போது கீழ் ஊர். "வார்டு ஏறல, ரோடு தணிஞ்சிருக்கு" என்று டீக்கடையில் சொல்லிப் பார்த்தார்கள். டீ போடத் தண்ணீர் இல்லாததால் அதைக் கேட்க ஆள் இல்லை. ஊற்றுகள் ஒரு நொடியில் அடைபட்டுப்போயின. சாக்குத் துணியையும் மீறிக் கசிந்துகொண்டிருந்த சாக்கடைக் குழாய்களின் வாயில் இப்போது மண்சுவர் முட்டியது. போக வழியில்லாத சாக்கடை வந்த வழியே திரும்பி, தலைவர் வீட்டுத் தெருவின் பேவர் பிளாக் இடுக்குகளில் பொங்கியது. தீர்மானத்தை ரத்து செய்யக் கோமதிநாயகம் கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வரவில்லை. அவரவர் குடத்தோடு பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஒன்பதாம் வார்டு தன் பழைய ஏணியை எடுத்து, ஒட்டுப்போட்டதோடு, மேலேயிருந்து பஜார் தெருவுக்கு இறக்கிச் சாய்த்தது. அதில் முதலில் ஏறி வந்தது ஆவுடையம்மாள். ஒன்பதாம் வார்டில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் பித்தளைக் குடம், உதடு வெடித்திருந்தது, மூச்சு இரைத்தது. முப்பிடாதி வாசலில் பீடி இலை பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலை நன்றாகக் காய்ந்திருந்தது.

"யம்மா முப்பிடாதி. மக வயித்துப் பேரன் வந்திருக்கான். காய்ச்சல்ல கெடந்து அனத்துதான். ஒரே ஒரு கொடம் தாயி."

முப்பிடாதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "முன்மொழியிறியளா?"

"என்னம்மா?"

"ஒரு கொடம் தண்ணி வேணும்னு முன்மொழியிறியளான்னு கேட்டேன்."

ஆவுடையம்மாள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஆமா" என்றாள்.

"வழிமொழியிறவங்க உண்டா?"

தெருவே வாசலில் நின்றது. சீனியம்மா வானத்தைப் பார்த்தாள். மாடக்கண்ணு கோழியைப் பார்த்தான். மற்றவர்கள் தங்கள் நகத்தைப் பார்த்தார்கள். முப்பிடாதி சுளகின்மேல் விரலால் தாளம் போட்டாள். அது அவளுக்கு ருசித்தது. எத்தனை வருடம் காத்திருந்த ருசி! ருசித்ததே என்று அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அப்போது காலுக்கடியில் ஓர் அசைவு வந்தது, கோழிகள் தலையைச் சாய்த்தன. கீழே பஜார் தெரு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த அசைவு அவள் காலுக்கு நன்றாகத் தெரியும்; வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாள்.

"அடுத்த பொருள்."

"நான் வழிமொழியுதேன்."

வீட்டுக்குள்ளிருந்து வடிவு வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, ஆவுடையம்மாளையும் பார்க்கவில்லை. பித்தளைக் குடத்தை வாங்கி, தொட்டியில் முக்கி, கழுத்துவரை நிரப்பினாள்.

"ஏட்டி வடிவு!" முப்பிடாதி சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உடம்பு முழுக்க எரிந்தது அவளுக்கு. "ஆருக்குட்டி ஊத்துத? நின்னு வேடிக்க பாத்தவளுக்கா?"

"எழுதிக்கோம்மா" என்றாள் வடிவு.

நிரம்பிய குடத்தை அவளே தூக்கி ஆவுடையம்மாளின் இடுப்பில் வைத்து, ஏணிவரைக்கும் கூடவே நடந்தாள். ஆவுடையம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். வடிவு அதைக் கேட்க நிற்கவில்லை.

"பாத்து எறங்குங்க" என்றாள். "நடுப்படி ஆடும்."

ஒரு கையில் குடமும் ஒரு கையில் கம்புமாக ஆவுடையம்மாள் இறங்கினாள். எந்தப் படி என்று அவளுக்கு யாரும் காட்டவேண்டியதில்லை; வடிவு அதைப் பிடித்துக்கொண்டு அலறியதைக் கொல்லைச் சுவரிலிருந்து பார்த்தவள்தானே. அதற்கு மேல்படியில் வந்து நின்றாள். கீழே இறங்க அந்தப் படியில்தான் காலை வைக்கவேண்டும். வைக்க முடியவில்லை, குடத்தோடு திரும்பி ஏறவும் முடியவில்லை, குடத்தை விடவும் மனசில்லை. தண்ணீர் தளும்பி அவள் சேலையை நனைத்தது. ஒன்பதாம் வார்டு மொத்தமும் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது. ஒருவரும் கை நீட்டவில்லை.